விருந்தாளி கையில் கரண்டி

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று சொல்லி வைத்தவர்கள் நான்காம் நாளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார்கள். உறவுகளுக்குள் வரும் மனத்தாங்கல்களில் பாதி அந்த நான்காம் நாளில்தான் பிறக்கிறது. அதுவரை வடை, பாயசம், 'இன்னொரு கரண்டி போடட்டுமா' என்ற உபசாரம். நான்காம் நாள் காலையில் வந்தவர் அடுப்படி வாசலில் நின்று, "அண்ணி, இன்னிக்கு நான் சமைக்கிறேனே" என்கிறார். "சும்மா இருங்க, வந்த இடத்துல உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று பதில் வருகிறது. கேட்டவர் மெய்யாகவே கேட்டார். மறுத்தவரும் மரியாதைக்குத்தான் மறுத்தார். ஆனாலும் ஒருவருக்கு 'நம்மை அண்டவிட மாட்டேன் என்கிறாளே' என்று படுகிறது. மற்றவருக்கு 'என் சமையல் பிடிக்கவில்லை போலிருக்கிறது' என்று படுகிறது.

வாரக்கணக்கில் தங்கும் விருந்தாளி இன்று எல்லா வீட்டுக்கும் தெரிந்தவர். சிகிச்சைக்காகச் சென்னைக்கோ மதுரைக்கோ வருபவர் துணைக்கு ஓர் ஆளோடு சொந்தக்காரர் வீட்டில்தான் இறங்குகிறார். போட்டித் தேர்வுப் பயிற்சிக்கு வரும் அக்கா மகன் மாமா வீட்டுக் கூடத்தில் பாய் விரிக்கிறான். டிசம்பர் பிறந்தால் துபாயிலிருந்தும் டொரண்டோவிலிருந்தும் பிள்ளைகுட்டிகளோடு வந்து இறங்குகிறார்கள். மகள் பிரசவத்துக்காக அமெரிக்கா போகும் அம்மா மாதக்கணக்கில் அங்கேயே இருந்துவிடுகிறார். இவர்களில் யாரும் விருந்துச் சாப்பாடு கேட்கவில்லை. கீமோதெரபி எடுத்துக்கொண்டிருப்பவருக்கு வாயெல்லாம் கசப்பு; காரமில்லாத நொய்க்கஞ்சி போதும். கைக்குழந்தைக்குக் குழைந்த சாதம் வேளாவேளைக்கு வேண்டும். நோன்பு இருப்பவர் விடிவதற்கு முன் சாப்பிட்டாக வேண்டும்; அந்த நேரத்தில் வீட்டுக்காரியை எழுப்புவதைவிடத் தாமே இரண்டு தோசை வார்த்துக்கொள்வது இருவருக்கும் நல்லது. ஐம்பது வருடம் அடுப்படியில் நின்ற அம்மாவுக்கோ, உட்கார்ந்த இடத்தில் தட்டு வருவதே தண்டனை. இந்தக் காரணங்களில் எதையும் குறை சொல்ல முடியாது.

வேலூரில் சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களுக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள். மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் நோயாளிகளின் குடும்பங்களுக்காகச் சமையல் வசதியோடு அறை விடும் விடுதிகள் அங்கே நிறைய இருக்கின்றன. அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்கும். பக்கத்துக் கடையில் கடுகெண்ணெய் கிடைக்கும். உடம்புக்கு முடியாமல் இத்தனை தூரம் வந்தவருக்குத் தன் வீட்டுச் சாப்பாட்டைத் தானே ஆக்கிக்கொள்ளத் தோன்றும் என்பது அந்த விடுதிக்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு அறை விடுகிறவருக்குப் புரிந்தது, பாசத்தோடு கூப்பிடும் நமக்கு ஏன் சிக்கலாகிறது? அங்கே காஸுக்கு எவ்வளவு, எந்தப் பாத்திரம், யார் கழுவுவது என்பதையெல்லாம் முதலிலேயே பேசிவிடுகிறார்கள். வீட்டில் அதைப் பேசுவதே அநாகரிகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

நம் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறோம். அடுப்படியை விருந்தாளியோடு பகிர்ந்துகொள்வது வீட்டார் காட்டும் சலுகையும் இல்லை, விருந்தாளி செய்யும் உபகாரமும் இல்லை. மூன்று பேர் சேர்ந்து சுமக்க வேண்டிய பொறுப்பு அது. மூன்றாமவர் யார் என்பதற்குப் பிறகு வருவோம். அவர்தான் இந்த விவகாரத்தில் தப்பித்துக்கொண்டே இருப்பவர்.

முதலில் வீட்டுக்காரியின் தயக்கத்தைப் புரிந்துகொள்வோம். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அடுப்படி என்பது ஓர் அறை. அதில் தினம் நிற்கிறவருக்கு அது ஒரு தொழிற்கூடம்; ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு வேலை, ஒரு வரலாறு. பால் காய்ச்சும் பாத்திரம் பாலுக்கு மட்டும்தான். அதில் ஒருநாள் புளி கரைத்துவிட்டால், எவ்வளவு தேய்த்தாலும் மறுநாள் பால் திரியும் ஆபத்து இருக்கிறது. தோசைக்கல்லைப் பழக்குவதற்கு மாதங்கள் ஆகும். எண்ணெய் குடித்துக் குடித்துத்தான் அது தோசையை விடும் பதத்துக்கு வருகிறது. விருந்தாளி அதில் சப்பாத்தி சுட்டுவிட்டு, நல்லது செய்வதாக நினைத்துக் கம்பி நாரால் பளபளவென்று தேய்த்து வைத்தால், அடுத்த நாள் முதல் தோசை பிய்ந்துதான் வரும். மிக்சியில் தேங்காய்ச் சட்னிக்கென்று ஒரு ஜாரை ஒதுக்கி வைத்திருப்பார்கள். அதில் பூண்டு மசாலா அரைத்தால் ஒரு வாரத்துக்குச் சட்னியில் பூண்டு மணக்கும். ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டி பட்டால் வருஷத்து ஆவக்காய் பூஞ்சை பூத்துவிடும்.

ஈயச் சொம்பை எடுத்துக்கொள்ளுங்கள். ரசத்துக்கென்று பாட்டி காலத்திலிருந்து வரும் சொம்பு. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். உள்ளே ரசம் இருக்கும்வரை சொம்பின் சூடு தண்ணீர் கொதிக்கும் அளவைத் தாண்டி அதிகம் போவதில்லை; அதனால் பிழைக்கிறது. இது தெரியாதவர் வெறும் சொம்பை அடுப்பில் வைத்து, எண்ணெய் ஊற்றித் தாளிக்கலாம் என்று கடுகைத் தேடுவார். அதற்குள் சொம்பின் அடி ஒழுகியிருக்கும். கல்சட்டி வேறு ரகம். அடுப்பை அணைத்த பிறகும் குழம்பு அதில் கொதித்துக்கொண்டே இருக்கும், அதனால் முன்கூட்டியே இறக்க வேண்டும். சூடாக இருக்கும்போது பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல்தான். இத்தனையும் எந்தப் பாத்திரத்திலும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. வீட்டுக்காரியின் தலைக்குள்தான் இருக்கிறது. 'நீங்க உக்காருங்க' என்று அவர் சொல்லும்போது, இதையெல்லாம் சொல்லிப் புரியவைப்பதைவிட நாமே சமைத்துவிடுவது சுலபம் என்ற களைப்பும் அதில் கலந்திருக்கிறது.

களைப்பு நியாயமானதுதான். ஆனால் சொல்லாமல் விட்டுவிட்டு, சொம்பு உருகிய பிறகு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது நியாயமில்லை. முதல் நாள் மாலை கால்மணி நேரம் ஒதுக்கி, அடுப்படிக்குள் கூட்டிப்போய், இது பாலுக்கு, இதைத் தேய்க்காதீர்கள், இந்த டப்பாவில் அப்பாவுக்கான சர்க்கரையில்லாத பிஸ்கட், இந்த வீட்டில் மாமாவுக்கு ரத்தக் கொதிப்பு இருப்பதால் உப்பு குறைவு என்று சொல்லிவிட்டால் முக்கால்வாசி சங்கடம் வராது. கைபட்டால் தாங்கமாட்டேன் என்கிற சாமான் இருந்தால் எடுத்து உள்ளே வைத்துவிடலாம். அதை யாரும் தவறாக நினைக்கப்போவதில்லை.

இந்தக் கால்மணி நேரத்தில் கட்டாயம் இடம்பெற வேண்டியது காஸ். மின்னடுப்பிலேயே வளர்ந்த பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வரும்போது, லைட்டரைப் பிடிக்கவோ குமிழை அழுத்தித் திருப்பவோ தெரியாமல் தடுமாறுகிறார்கள். குமிழைத் திருப்பிவிட்டு லைட்டரைத் தேடுகிறார்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலெழுந்து போகாமல் தரையோடு தங்கும். அதற்கு இயல்பாக வாசம் கிடையாது. கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்த நாற்றத்தைச் சேர்க்கிறார்கள். நாற்றம் வந்தால் சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து, வெளியே வந்து 1906 என்ற அவசர எண்ணுக்குச் சொல்ல வேண்டும். குக்கரில் எவ்வளவு நிரப்பலாம், வெயிட்டை எப்போது எடுக்கலாம் என்பதையும் கையோடு காட்டிவிட வேண்டும். இதில் கூச்சத்துக்கு இடமில்லை. அடுக்குமாடி வீட்டில் ஒரு வீட்டின் கசிவு எல்லா வீட்டுக்குமான ஆபத்து.

இப்போது அந்த மூன்றாமவர். "தாராளமா வாங்க, எத்தனை நாள் வேணாலும் இருங்க" என்று போனில் சொன்னவர் அவர். பல வீடுகளில் அழைக்கிறவர் ஒருவர், ஆக்கிப்போடுகிறவர் இன்னொருவர். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வு சொல்வதைப் பாருங்கள். ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களில், வீட்டாருக்காக ஊதியமில்லா வீட்டு வேலை செய்த பெண்கள் 81.2 விழுக்காடு, ஆண்கள் 26.1 விழுக்காடு. அப்படிச் செய்த பெண் ஒரு நாளில் செலவிட்டது சராசரி 299 நிமிடம், ஆண் 97 நிமிடம். 2024இல் மறுபடி எடுத்தபோதும் பெண்ணுக்கு 289, ஆணுக்கு 88. ஐந்து வருடத்தில் இரண்டு பேருக்கும் சற்றுக் குறைந்திருக்கிறது. இடைவெளி அப்படியே நிற்கிறது. இது சாதாரண நாட்களின் கணக்கு. வீட்டில் நாலு பேர் கூடுதலாக வந்து தங்கினால் இந்த நிமிடங்கள் யார் கணக்கில் ஏறும் என்று தனியாக ஆய்வு செய்யத் தேவையில்லை.

ஆகவே விருந்தாளியை அழைக்கும் ஆண் அன்றிலிருந்து அடுப்படியிலும் ஒரு வேலையை ஏற்க வேண்டும். காய் நறுக்கலாம், தேங்காய் துருவலாம், இரவு சிங்கில் கிடக்கும் பாத்திரத்தைத் தேய்க்கலாம். வந்திருக்கும் ஆண்களுக்கும் இது பொருந்தும். பெண் விருந்தாளி மட்டும் அடுப்படிக்குள் நுழைந்து, ஆண் விருந்தாளி கூடத்தில் நியூஸ் சேனல் பார்த்தால் அதைப் பகிர்வு என்று சொல்ல முடியாது. ஒரு பெண்ணின் பாரத்தை இன்னொரு பெண் தோளுக்கு மாற்றியதாகத்தான் ஆகும். சமைக்க ஆசைப்படும் ஆண் விருந்தாளிகளும் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி செய்கிறேன் என்று வீட்டிலுள்ள அத்தனை அண்டாவையும் இறக்கி, செய்து முடித்துப் பாராட்டு வாங்கிக்கொண்டு, கழுவும் நேரத்தில் காணாமல் போகிறவர்கள். இவர்களுக்குத் தம்ளர் தண்ணீர் தவிர வேறெதுவும் அடுப்படியில் தொட அனுமதி தரக் கூடாது என்பது என் சொந்த அபிப்பிராயம்.

ஆனால் அடுப்படி வெறும் பாரம் மட்டும் இல்லை என்பதையும் சொல்லாவிட்டால் இந்தப் பேச்சு முழுமையாகாது. அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதையைப் படித்தவர்களுக்குத் தெரியும்: ராஜஸ்தானத்துக் கூட்டுக் குடும்பம் ஒன்றின் அடுப்படி, பெண்களைக் கட்டிப்போடும் இடமாகவும் அவர்களுக்குக் கிடைத்த ஒரே அதிகாரமாகவும் ஒருசேர இருக்கிறது. வேறெங்கும் தன் சொல் எடுபடாத ஒருத்திக்கு, உப்பு எவ்வளவு போடுவது என்பதாவது தன் கையில் இருக்க வேண்டும். அந்தக் கரண்டியை இன்னொருத்தி கேட்கும்போது அவள் முகம் மாறினால் அதைக் குறுகிய புத்தி என்று சொல்லிவிடக் கூடாது. மாமியார் வந்து தங்கும் வீடுகளில் இது இன்னும் நுட்பமானது. மகன் வீட்டுக்கு வந்த அத்தை, "நான் வந்திருக்கேன்ல, நீ ஓய்வெடு" என்று சொல்லி முதல் வேலையாக அஞ்சறைப்பெட்டியைத் தன் வசதிக்கு மாற்றி அடுக்குவார். அன்பில்தான் செய்கிறார். மருமகளுக்கோ தன் மேசையை யாரோ கலைத்துவிட்டது போல இருக்கிறது.

கடல் கடந்தால் நிலைமை தலைகீழாகிறது. அங்கே அடுப்படி மகளுடையது, விதிகளும் அவளுடையவை. மிளகாய் தாளித்த புகையில் கூரையிலிருக்கும் அலாரம் அலறுகிறது. கண்ணாடித் தளம் போட்ட அடுப்பில் கனத்த இரும்புச் சட்டியை இழுத்தால் கீறல் விழுகிறது. பெட்டியில் பத்திரமாகக் கொண்டுபோன மிக்சி 230 வோல்ட்டுக்குச் செய்தது. அமெரிக்கச் சுவரில் வருவது 120 வோல்ட். இரண்டு தலைமுறைக்குச் சமைத்துப்போட்ட அம்மா அங்கே ஒன்றாம் வகுப்பு மாணவி ஆகிறார். கற்றுக்கொடுக்கும் மகளின் குரல் கொஞ்சம் உயர்ந்தாலும் அந்த வயதில் அது தைக்கும். அம்மாக்கள் இங்கே பாதுகாக்கும் அதே உரிமையைத்தான் மகள்கள் அங்கே பாதுகாக்கிறார்கள் என்று இரு பக்கமும் நினைத்துப் பார்த்தால் போதும்.

இனி எளிதில் பேச முடியாத பகுதி. சைவம் சாப்பிடும் வீட்டில் போய், நெத்திலி வறுக்கட்டுமா என்று கேட்பது சரியில்லை. வீட்டார் சைவர்களோ இல்லையோ, சைவம் மட்டும் என்ற நிபந்தனையோடு வாடகைக்கு இருக்கும் குடும்பங்கள் சென்னையில் எத்தனையோ. அந்த நிபந்தனை சரிதானா என்பது வேறு சண்டை. அதை விருந்தாளி தன் வாணலியால் போடக் கூடாது, வீட்டைக் காலி செய்யப்போவது அவரல்ல. தனிப் பாத்திரம், தனி அடுப்பு, அல்லது அதை மட்டும் வெளியே சாப்பிடுவது என்று ஏதோ ஒரு வழி பேசினால் கிடைக்கும். அதேபோல, ஹலால் இறைச்சி மட்டும் உண்பவருக்கோ, வெங்காயம் பூண்டு தொடாதவருக்கோ, நிலக்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கோ தம் சாப்பாட்டைத் தாமே கவனித்துக்கொள்ள ஓர் இடம் விட்டுக்கொடுப்பது வீட்டார் கடமை. என்ன சமைக்கலாம், எதில் சமைக்கலாம் என்று வீட்டுக்கு விதி இருக்கலாம்.

யார் சமைக்கலாம் என்ற விதிக்கு மட்டும் இடம் கிடையாது. தமிழ்நாட்டில் ஒருவரை வீட்டுக்குள் எதுவரை விடுவது என்பதில் சாதி எழுதிய கோடுகள் இருந்தன. திண்ணை வரை, கூடம் வரை, அடுப்படி வரை. கடைசிக் கோடுதான் அழியக் கஷ்டப்படுவது. 1920களில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர்களுக்குத் தனிப் பந்தி என்ற விவகாரம் தமிழ்நாட்டுக் காங்கிரசையே உலுக்கியது. நூறு வருடம் கழித்து, 2023இல், கரூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் பட்டியலினப் பெண் சமைத்த காலை உணவைத் தங்கள் பிள்ளைகள் சாப்பிடக் கூடாது என்று பெற்றோர் சிலர் தடுத்தார்கள். மாவட்ட ஆட்சியர் நேரில் போய் அங்கே உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. தீண்டாமையை ஒழித்த அரசமைப்புச் சட்டப் பிரிவு 17 பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்துவிட்டது, வீட்டு அடுப்படிக்குள் இன்னும் முழுதாக நுழையவில்லை. மகனின் கல்லூரித் தோழன் வந்து தங்கும்போது, காபி போட அவன் எழுந்தால் பதறும் வீடுகள் இருக்கின்றன. பதற்றத்துக்குச் சொல்லும் காரணம் 'விருந்தாளியை வேலை வாங்கலாமா' என்பது. தோசைக்கல்லைக் காப்பாற்றும் கண்டிப்பையும் இந்தக் கண்டிப்பையும் ஒன்றாகச் சேர்த்துப் பேச யாருக்கும் இடம் தரக் கூடாது.

காசு விஷயத்தைச் சுருக்கமாக முடிக்கலாம். 14.2 கிலோ சிலிண்டர் வழக்கத்தைவிட முன்னதாகவே தீரும். ஒரு வாரத்துக்கு மேல் தங்குகிறவர் மளிகைக்கோ காய்கறிக்கோ பணம் கொடுப்பதைவிட, தாமே பையெடுத்துக்கொண்டு போய் வாங்கி வந்து வைத்துவிடுவது நல்லது. நம் ஊரில் பணத்தை நீட்டினால் வீட்டார் மனம் புண்படும், காய்கறிப் பையை யாரும் திருப்பித் தருவதில்லை. வீட்டில் பாத்திரம் தேய்க்க அக்கா ஒருவர் வந்தால், இரண்டு குடும்பத்துப் பாத்திரத்தை ஒரு குடும்பத்துச் சம்பளத்துக்கு அவர் தேய்க்கிறார் என்பது எல்லோருக்கும் மறந்துபோகிறது. அந்த மாதம் அவருக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். வந்தவரும் கொடுக்கலாம், வீட்டாரும் கொடுக்கலாம், கொடுக்காமல் இருக்கக் கூடாது.

இப்படிக் கணக்குப் பார்த்தால் விருந்தோம்பல் என்ன ஆவது என்று கேட்பவர்கள் உண்டு. திருக்குறளின் 9ஆம் அதிகாரம் விருந்தோம்பல். அதன் பத்துக் குறளும் வீட்டாரை நோக்கித்தான் பேசுகின்றன. விருந்தாளிக்கென்று தனி அதிகாரம் கிடையாது. நாம் அதை வசதியாகப் பிடித்துக்கொண்டு, கொடுப்பவருக்கு மட்டும் அறம் உண்டு, பெறுபவருக்கு எதுவும் இல்லை என்பதுபோல நடந்துகொள்கிறோம். வந்தவர் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும், எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும், சமைத்த அன்று மேடையைத் துடைத்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும், உடைத்தால் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வீட்டார் சொல்லித்தர வேண்டும், பிறகு பக்கத்தில் நின்று ஒவ்வொரு கிளறலுக்கும் குறை சொல்லாமல் நகர்ந்துவிட வேண்டும். அவர்கள் சாம்பார் நம் சாம்பார் போல இருக்காது. ஒரு வேளை அதைச் சாப்பிட்டுப் பார்க்கலாம்.

முழு ஆண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை விட்டதும் பேருந்துகளும் ரயில்களும் நிரம்பும். இந்த முறை உங்கள் வீட்டுக்கு யாராவது வருவதாக இருந்தால், அழைப்பவரும் சமைப்பவரும் முன்னதாக ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுங்கள். வந்தவருக்கு முதல் நாளே அடுப்படியைச் சுற்றிக் காட்டுங்கள். போகிறவராக இருந்தால், போய் இறங்கிய அன்றே கேட்டுவிடுங்கள்: "இங்க நான் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது?"